வெறும் குச்சி

என் மனைவி இறந்த இரண்டாம் மாதம், டெல்லி துவாரகா வீட்டுப் பால்கனியில் அவள் வளர்த்த கறிவேப்பிலைச் செடியும் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாகிவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியும் துளிர்க்கவில்லை. பார்க்கப் பொறுக்காமல், ஜனவரியில் ஒரு காலை அதை வேரோடு பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டேன்.

சற்று நேரத்தில் காபியோடு வந்த மாடிவீட்டு லலிதா, பால்கனியில் ஒடிந்து கிடந்த கிளையை எடுத்து நகத்தால் கீறினாள். உள்ளே பச்சையாக இருந்தது.

"அரே, இது பட்டுப்போகலை அண்ணா. டெல்லிக் குளிருக்கு இலையைக் கொட்டிட்டு, வேர்ல உசிரை வச்சுக்கிட்டுத் தூங்கும். மார்ச்ல தானா துளிர்க்கும். அக்கா சொன்னதில்லையா?"

கீழே ஓடினேன். வண்டி போய்விட்டிருந்தது.

குளிர்காலத்தில் மட்டும் என் மனைவி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்குவாள். பன்னிரண்டு வருடம் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வீட்டில் செடி இருக்கும்போது ஏன் வாங்குகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

தொட்டியை எடுக்க மனம் வரவில்லை. வேறு எதையும் நடவும் இல்லை. ஒவ்வொரு வருடமும் மார்ச் பிறந்தால் காலையில் எழுந்ததும் அந்த வெறும் மண்ணைப் போய்ப் பார்க்கிறேன்.