புட்டுப் பொதியும் இல்லாத பெயர்களும்

எண்பத்தாறில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் அருகே அகதி முகாமில் இருந்தோம். மாவட்டத்தைத் தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கறுங்காட்டு மலைகளைக் காட்ட ஆசைப்பட்டோம். பக்கத்து அறை அண்ணைக்கு டொச், அதாவது ஜெர்மன் மொழி, நன்றாக வரும்.

“நீங்கள் ஏன் அலையிறியள் தங்கச்சி? ரெண்டு குடும்பத்துக்கும் நானே எடுக்கிறன்” என்றார்.

எடுத்தாயிற்று என்றபோது, காட்டச் சொல்லிக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

எல்லோருக்கும் புட்டு கட்டிக்கொண்டு ரயில் ஏறினோம். மலைகள் தெரியத் தொடங்கியபோது பொலிஸ்காரர் வந்தார். அண்ணை நீட்டிய கடிதத்தில் அவர் குடும்பத்தின் பெயர்கள் மட்டுமே இருந்தன.

“இவர்களும் உங்களோடு வந்தவர்களா?” என்று பொலிஸ்காரர் கேட்டார்.

“இல்லை. இவர்களை எனக்குத் தெரியாது” என்றார் அண்ணை, டொச்சில். அந்தளவு டொச் எனக்கும் விளங்கும். அவருடைய மகளின் மடியில் நான் கட்டிக்கொடுத்த புட்டுப் பொதி இருந்தது.

எங்களை அடுத்த நிலையத்தில் இறக்கித் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் பெயர்கள் ஏன் இல்லை என்று பிறகு அண்ணையிடம் கேட்டேன்.

“கனபேருக்குக் கேட்டால் எனக்கும் தரமாட்டினம் எண்டு விட்டிட்டன்” என்றார், ஏதோ கடையில் உப்பு வாங்க மறந்தவர் போல.

அதன் பிறகு கடிதத்துக்கு நானே வரிசையில் நின்றேன். எங்கள் நான்கு பெயர்களையும் விரல் வைத்து வாசித்த பிறகுதான் புட்டுக்கு மாவைக் குழைத்தேன். நாலு பேருக்கு அளவாகத்தான் குழைத்தேன்.