தாலினில் ஒரு வெள்ளிக்கிழமை

கப்பலில் ஏறி ஒரு கிழமையானால் இன்று என்ன நாள் என்பதே மறந்துபோகும். சாப்பாடு, நித்திரை, கரை. திரும்பவும் சாப்பாடு, நித்திரை, கரை. பால்டிக் கடலோரத்துத் தாலின் துறைமுகத்தில் இறங்கிய அந்தக் காலையில், இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று யாராவது என் காதில் போட்டிருந்தால் நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று எத்தனையோ தரம் எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். பொய். வெள்ளியோ செவ்வாயோ, செய்திருப்பேன்.

என் கணவர், இவர், சிட்னியில் ரெயில் பெட்டி திருத்துகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் இன்னும் முதியோர் இல்லமொன்றில் ஷிப்ட் வேலை. வென்ட்வேர்த்வில்லில் குடியேறிய நாள்முதல் எங்கள் லீவெல்லாம் ஆருடையவோ கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, செத்தவீடு என்றே கரைந்தது. சொந்தத்தில் ஒருவருக்குத் தும்மல் என்றாலும் பெட்டி அடுக்குகிற மனுசன் இவர். பொறுக்க முடியாமல் மகள்தான் பால்டிக் கடலைச் சுற்றும் கப்பலில் எங்களுக்கு இடம் போட்டாள். அதற்கும் இவர் முதலில் மாட்டேன் என்றுதான் நின்றார்.

ஆனால் தாலினின் கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் ஆள் மாறிவிட்டார். கல் பாவிய தெருக்களில் எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தார். நகர மண்டபச் சதுக்கத்தில் பல நூறு வருடமாக நடக்கிற ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அந்தக் காலத்தில் என்ன மருந்து விற்றார்களாம் என்று பார்க்க இவர் உள்ளே போனார். எனக்குக் காலில் கொப்புளம். வெளியில் கிடந்த ஒரு மரவாங்கில் குந்தி சப்பாத்தைக் கழற்றினேன். அப்போது என் போன் அடித்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து இவருடைய அண்ணரின் மகள். "சித்தி, அப்பா விடியப்புறம் மோசம் போயிட்டார். சித்தப்பாவின்ர போன் வேலை செய்யேல்லை. நீங்கள் சொல்லுங்கோ" என்று அழுதாள்.

அந்த அண்ணர்தான் தகப்பன் இல்லாத வீட்டில் இவரை வளர்த்தவர். சண்டைக் காலத்தில் கொழும்பு வரை கூடவே வந்து விமானம் ஏற்றி விட்டவர். ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் வீடியோவில் அரசியல் சண்டை பிடிப்பார்கள். குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிற எனக்குக் காது அடைக்கும்.

சாவுச் செய்தி கேட்டால் எங்கள் ஆட்களின் வாயில் முதல் வருவது ஒரே கேள்விதான்: எப்ப எடுக்கினம்? அழுகைகூட அதற்குப் பிறகுதான் வரும். நான் அதைக் கேட்கவில்லை. உடலை எடுக்கிற நேரம் தெரிந்தால் இவரிடம் சொல்லியாக வேண்டுமே. அவள் மேலே ஏதோ சொல்ல வந்தாள். "ஓம் பிள்ளை, நான் சொல்லுறன்" என்று போனை வைத்து, சத்தத்தை நிறுத்தி, கைப்பையின் அடியில் தள்ளினேன்.

அண்ணரின் மகன் கனடாவில். அவன் வந்து சேரும்வரை உடலை வைத்திருப்பார்கள், எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே என்று நானே முடிவு கட்டினேன். பின்னேரம் கப்பலுக்குப் போய் ஆறுதலாகச் சொல்லலாம். இவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. நடுத்தெருவில் சொல்லி ஏதும் ஆகிவிட்டால்? பிறகு மகளிடமும் என் தங்கையிடமும் இந்த ஸ்டென்டைத்தான் காரணம் சொன்னேன். உண்மை அதுவல்ல. எனக்கு அந்த ஒரு நாள் வேண்டும். ஒரே ஒரு நாள், ஒருத்தருடைய கலியாணமும் சாவும் இல்லாமல், இவர் என்னோடு மட்டும் திரிய வேண்டும். அந்தக் கோதாரி ஆசைதான்.

வெளியே வந்தவர் ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டார். காற்று என்றேன். படியேறி மேட்டுக்குப் போனோம். கீழே சிவப்புக் கூரைகள், அதற்கு அப்பால் எங்கள் கப்பல். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம், வெளிநாட்டில் அழைப்பு வராத தன் போனைக் கொடுத்து படம் எடுக்கச் சொல்லிவிட்டு என் தோளில் கை போட்டார். கலியாணம் கட்டிய நாள்முதல் நாலு பேர் பார்க்க இவர் அப்படிச் செய்ததில்லை. மத்தியானம், வெள்ளியில் மச்சமாமிசம் தொடாத மனுசன், கிழமை மறந்து பன்றி இறைச்சியும் கறுத்த பியரும் எடுத்தார். மேலதிகாரி ஒருவனைப் பற்றிய பழைய கதை சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். நடிக்கவில்லை, உண்மையாகவே சிரித்தேன்.

கப்பல் அறைக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு சொன்னேன். கட்டிலில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு, "எப்ப எடுக்கினம்?" என்றார்.

என் போனில் அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். எல்லாம் முடிந்திருந்தது. கனடாக்காரனுக்குக் கடவுச்சீட்டு கையில் இல்லை, வர வழியில்லை. அடுத்த நாள் சனி. சனிப் பிணம் தனிப் போகாது என்று பெரியவர்கள் பயந்து அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணரைக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீர் எப்ப கேள்விப்பட்டனீர்?"

காலையில் என்றேன். எழும்பிப் போய்த் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டு வந்தார்.

செத்தவீட்டை நேரலையில் பார்த்துக் கதைக்கிற இணைப்பை அவள் மத்தியானமே என் போனுக்கு அனுப்பியிருந்தாள். பதிவு அதில் கிடந்தது. இவர் பார்த்தார், நான் பக்கத்தில் நின்றேன். பெட்டியை மூட முன் அவள் போனைத் தகப்பனின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகிறாள். "சித்தப்பா, கடைசியா ஒருக்காப் பாருங்கோ. அப்பாவோட ஏதும் கதையுங்கோ" என்கிறாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள், பாவம் பிள்ளை. பின்னால் ஆட்கள் அவசரப்படுத்துகிறார்கள். அவள் கையை எடுக்காமல் காத்துக்கொண்டு நிற்கிறாள்.

சிட்னிக்குத் திரும்பியதும் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து வந்த ஒரு அன்ரி, நேரலையில் பார்த்தனீங்களோ என்று கேட்டார். கடலுக்குள்ளே எங்கே நெட் என்றார் இவர். அடுத்து வந்தவர்களுக்கும் அதே பதில். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன், நிமிர முடியவில்லை. நாலு ஏச்சு ஏசியிருந்தாலும் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

எல்லோரும் போன பிறகு, ஏன் எனக்காகப் பொய் சொல்லுகிறீர்கள் என்று கேட்டேன். வந்தவர்கள் இருந்த கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"காலமையே சொல்லியிருந்தா நான் அப்பவே பெட்டி அடுக்கியிருப்பன் எண்டு உமக்குத் தெரியும். அதாலதானே சொல்லேல்லை?"

"ஓம்" என்றேன்.