இரண்டு ஸ்பூன் தண்ணீர்

அந்தப் பல்செட் பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் பாலிஷ் அக்கா. அவளைவிட ஏழு வயது மூத்த டெலிவரி வண்டிக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். இருபத்திரண்டு வருடமாக ஜன்னலோரத்து மோட்டார் முன்னால் உட்கார்ந்து, கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியுமாக, யார் யார் வாய்க்கோ போகப்போகிற பற்களைச் சுழலும் துணிச் சக்கரத்தில் வைத்து மினுக்குவது அவள் வேலை. அவள் கையைவிட்டுப் போன செட்டில் விரலை ஓட்டிப் பார்த்தால் ஒரு சொரசொரப்பு இருக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்கு இல்லாத கர்வம் வேறு யாருக்கு?

பட்டறையில் அவள் கொடி பறந்ததற்கு இன்னொரு காரணம், கேக். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும், யார் வேலையை விட்டுப் போனாலும், முதலாளிக்குப் பேத்தி பிறந்தாலும் பாலிஷ் அக்கா வீட்டு ஓவன்தான் எரியும். “தின்னுங்க, தின்னுங்க, நமக்குத்தான் ஆர்டர் வரும்” என்று வண்டிக்காரர் பல்லைத் தட்டிக் காட்டிச் சொல்வார். பதினைந்து வருடமாக அதே ஜோக். பதினைந்து வருடமாக எல்லோரும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

அவள் கேக்குகளில் ராஜா கேக் ஒன்று உண்டு. மூன்று அடுக்கு, நடுவில் காப்பி கிரீம், மேலே வறுத்த பாதாம். இரண்டு சாயங்காலம் முழுசாகப் பிடிக்கும். அது வருடத்துக்கு ஒரு தடவை, ஒரே ஓர் ஆளுக்கு. அந்த ஆள் மெழுகுக்காரி. ரோஸ் நிற மெழுகை உருக்கி ஈறு மாதிரி செதுக்கி, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு வைக்கிறவள். மெழுகுக்காரி நட்டதைத்தான் கடைசியில் பாலிஷ் அக்கா மினுக்குவாள். பதினாறு வருடமாக இரண்டு பேருக்கும் மத்தியானச் சாப்பாடு பின்கட்டில் ஒரே பெஞ்சில்.

பாலிஷ் அக்காவின் மகன் வேறு ஊரில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் ஏழெட்டு நிமிடம் வருவான். வீட்டுக்காரர் தங்கமான மனுஷர், ஆனால் வாயைத் திறந்தால் சாப்பிடத்தான் திறப்பார். ஆக, மனசில் கிடப்பதை அவள் கொட்டுவதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தப் பெஞ்சு.

அந்தப் பெஞ்சில்தான் எட்டு மாதத்துக்கு முன்னால் ‘புதுசு’ வந்து உட்கார்ந்தது.

வாய் அச்சுகளில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றும் பிளாஸ்டர் அறைக்கு வந்து சேர்ந்தவள். முப்பது வயதிருக்கும். முழங்கை வரை வெள்ளைப் பொடியும் வாய் ஓயாத சிரிப்புமாக இருப்பாள். சேர்ந்த முதல் வாரமே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து நீட்டினாள். உள்ளே சதுரம் சதுரமாக, கீழே கடலை நிறம், மேலே சாக்லேட்.

“அடுப்புல வேகவே வைக்கல அக்கா. பீனட் பட்டர், பிஸ்கட் தூள், சர்க்கரைத் தூள், கொஞ்சம் வெண்ணெய். அவ்வளவையும் பிசைஞ்சு தட்டுல அமுக்கிட்டு, மேல சாக்லேட்ட உருக்கி ஊத்தி ஃபிரிட்ஜ்ல வச்சா வேலை முடிஞ்சுது. சின்னப் புள்ள கூட செய்யும்.”

சின்னப் பிள்ளை செய்வதைப் பெருமையாகக் கொண்டுவந்து நீட்டுகிறாளே என்று பாலிஷ் அக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. மெழுகுக்காரி ஒன்று எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். இன்னொன்று எடுத்தாள். அப்புறம், பாலிஷ் அக்கா பார்த்துக்கொண்டே இருக்க, மூன்றாவதையும் எடுத்தாள்.

பதினாறு வருடத்தில் அவள் கேக்கில் மூன்றாவது துண்டுக்கு மெழுகுக்காரியின் கை நீண்டதே இல்லை. “போதும்டி, வெயிட் போடுது” என்பாள். அந்த வெயிட் இப்போது எங்கே போயிற்று? பாலிஷ் அக்காவின் வயிறு அன்றைக்கு எரியத் தொடங்கியது.

அதற்கப்புறம் நடந்தது எல்லாமே எண்ணெய் ஊற்றுகிற மாதிரிதான் நடந்தது. பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருத்தி நடுவில் உட்கார்ந்தாக வேண்டும். அந்த ஒருத்தி எப்படியோ தினமும் மெழுகுக்காரியாகவே இருந்தாள். நடுவில் உட்கார்ந்தவளுக்கு முகம் ஒன்றுதான், அது புதுசு பக்கம் திரும்பியிருந்தது. புதுசின் போனில் ஏதோ பார்த்து இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். “என்னடி?” என்று கேட்டால், “அது முதல்லேர்ந்து பார்த்தாத்தான்டி புரியும்” என்பாள் மெழுகுக்காரி. பாலிஷ் அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

இது போதாதென்று ஒரு திங்கட்கிழமை மெழுகுக்காரி மோட்டார் பக்கம் வந்து சொன்னாள்: “ஏய், வெள்ளிக்கிழமை என் பொறந்தநாளுக்கு நீ ஒண்ணும் அல்லாட வேணாம். புதுசு அந்த சாக்லேட் துண்டு செஞ்சு தர்றேங்குது. எனக்கு அதுவே போதும்.”

“சரி” என்றாள் பாலிஷ் அக்கா. வேறு என்ன சொல்வாள்? முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் மூக்குவரை துணி கட்டியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் பீனட் பட்டர் பாட்டில் ஒன்று வாங்கினாள். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று பார்த்துவிடுவது என்று அவளுக்கு வெறி. பிஸ்கட்டைத் துணியில் கட்டிச் சப்பாத்திக் கட்டையால் நொறுக்கினாள். புதுசின் மண்டையை நொறுக்குவதாக நினைத்துக்கொண்டாளா என்று கேட்டால், ஆமாம், நினைத்துக்கொண்டாள். வெண்ணெயை உருக்கி ஊற்றி, சர்க்கரைத் தூளும் பீனட் பட்டரும் போட்டுப் பிசைந்து, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் கிண்ணத்தின் அடியால் அழுத்தினாள். கொதிக்கிற தண்ணீருக்கு மேலே பாத்திரம் வைத்துச் சாக்லேட்டை உருக்கி ஊற்றினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிடம் ஆகியிருந்தது. அவ்வளவுதான். அவள் ஓவன் சூடாவதற்கே அதைவிட நேரம் ஆகும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு துண்டைக் கடித்தாள். நன்றாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கேவலமாக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

வீட்டுக்காரர் நாலு துண்டை அடுத்தடுத்து உள்ளே தள்ளிவிட்டு, “இவ்வளவு நாளா இத ஏன் செய்யல நீ?” என்று கேட்டார். மீதியை அப்படியே தட்டோடு தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். மனுஷர் அன்று ராத்திரி என்ன குற்றம் செய்தோம் என்றே தெரியாமல் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை புதுசு பாலிஷ் மோட்டார் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, ஒரு யோசனை சொல்லுங்களேன். நான் வெட்டும்போது மேல இருக்கிற சாக்லேட் படார் படார்னு விரிசல் விட்டுடுது. நமக்குள்ளன்னா பரவால்ல. இது பொறந்தநாளுக்கு. பார்க்க அழகா இருக்கணும். இதுல நீங்கதான் கைதேர்ந்தவங்க.”

பாலிஷ் அக்காவுக்கு இதற்குப் பதில் தெரியும். உருக்கும்போது ஒரு ஸ்பூன் எண்ணெயோ பீனட் பட்டரோ கலந்தால் மேலடுக்கு கல்லாகாது. கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டினால் விரிசலே விடாது. சொல்ல இரண்டு வாக்கியம் போதும். மோட்டாரை நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

“உருக்கும்போது ரெண்டு ஸ்பூன் தண்ணி விடு” என்றாள்.

“தண்ணியா?”

“ம். பச்சைத் தண்ணி.”

சாக்லேட் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரியும். உருகிய சாக்லேட்டில் சொட்டுத் தண்ணீர் பட்டால்கூடப் போதும், பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது முறுக்கிக்கொண்டு மண்ணாகத் திரண்டுவிடும். இரண்டு ஸ்பூன் விட்டால் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். புதுசு, “ரொம்ப தேங்க்ஸ் அக்கா” என்று அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். தோளில் வெள்ளையாக நாலு விரல் பதிந்திருந்தது. அதைத் தட்டிவிட்டு மோட்டாரைப் போட்டாள்.

புதன்கிழமை அவளுக்கு உள்ளூரக் குஷியாக இருந்தது. வெள்ளிக்கிழமை புதுசு வெறுங்கையோடு வந்து நிற்பாள், அசடு வழிவாள், மெழுகுக்காரி இந்தப் பக்கம் திரும்பி, “உன் கேக்கையே செய்யச் சொல்லியிருக்கலாம்டி” என்பாள். இதை நாலைந்து தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வியாழக்கிழமை குஷி கொஞ்சம் குறைந்தது. சாயங்காலம் போனைக் கையில் எடுத்துப் புதுசின் நம்பர்வரை போனாள். இப்போது சொன்னால், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பாளே. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். ஓவன் பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் பின்கட்டில் கூடினார்கள். முதலாளிகூட வந்தார். புதுசு பெரிய டப்பாவோடு வந்து அதை மெழுகுக்காரி மடியில் வைத்துத் திறந்தாள். பாலிஷ் அக்கா எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

ஒரு விரிசல் இல்லை. ஓரம் ஒவ்வொன்றும் நூல் பிடித்து வெட்டியது போலிருந்தது. மேலே சாக்லேட் கன்னங்கரேலென்று, வழவழவென்று, அவள் மினுக்கி அனுப்பும் செட்டைவிட ஒரு படி அதிகமாகவே பளபளத்தது. வண்டிக்காரர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு தன் ஜோக்கைச் சொல்ல மறந்து நின்றார்.

“எல்லாம் பாலிஷ் அக்கா சொன்ன யோசனைதான்!” என்று புதுசு கைதட்டினாள். “தண்ணி விடச் சொன்னாங்க. விட்டேனா, அப்படியே மண்ணு மாதிரி திரண்டுடுச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. கடையும் மூடியாச்சு, வேற சாக்லேட்டும் இல்ல. அப்புறம் நெனச்சேன், அக்கா தப்பா சொல்ல மாட்டாங்க, நாமதான் குறைவா விட்டுட்டோம் போலன்னு. பிளாஸ்டர் கெட்டியாப் போனா நாம என்ன பண்ணுவோம்? இன்னும் கொஞ்சம் தண்ணி விடுவோம்ல?”

“விடக்கூடாதுன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்” என்றார் முதலாளி.

“சார், அது உங்களுக்குத் தெரியாம விடுறது. இதுக்கு, கேன்ல தண்ணி தீர்ந்துபோச்சுன்னு நல்லா சூடா பாலை விட்டேன். ஒவ்வொரு ஸ்பூனா விட்டுக் கிண்டிக்கிட்டே இருந்தேன். திடீர்னு அப்படியே பட்டு மாதிரி ஆயிடுச்சு சார்!”

எல்லோரும் பாலிஷ் அக்காவைப் பார்த்தார்கள். முதலாளி, “பின்ன, அனுபவம்னா சும்மாவா?” என்றார். யாரோ முதுகில் தட்டினார்கள். புதுசு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்து தன் கையாலேயே அவளுக்கு ஊட்டினாள். வாயை மூடிக்கொள்ள முடியாமல் வாங்கிக்கொண்டாள். நாக்கில் பட்டதுமே கரைந்தது. அவள் கேக் எதுவும் இப்படிக் கரைந்ததில்லை.

அப்போதுதான் கவனித்தாள், மெழுகுக்காரி சிரிக்கவில்லை. மடியில் டப்பாவோடு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் பாலிஷ் அக்கா டப்பா மூடியைக் கழுவுகிற சாக்கில் தொட்டிப் பக்கம் ஒதுங்கினாள். மெழுகுக்காரி பின்னாலேயே வந்து குழாயை மூடினாள்.

“ஒரு வருஷம் கேக் செய்யறப்ப உன் வீட்டுக்கு உதவிக்கு வந்தேன். ஈரக் கரண்டிய சாக்லேட்டுல விடப் போனேன். கரண்டிய புடுங்கி எறிஞ்ச நீ. என் கை சிவந்துபோச்சு. ஞாபகம் இருக்கா?”

பாலிஷ் அக்கா மூடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

“தெரிஞ்சேதான சொன்ன அவகிட்ட?”

“ஆமா” என்றாள். சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எனக்குப் பொறுக்கலடி. நீ மூணு எடுத்த அன்னைக்கே எனக்குப் பொறுக்கல. எங்கூட இருந்தா நீ சாப்பிடுவ. அவகூட இருந்தா சிரிக்கிற.”

“எதை மூணு எடுத்தேன்?”

பாலிஷ் அக்கா கையிலிருந்த டப்பா மூடியைக் காட்டினாள். மெழுகுக்காரிக்கு அது நினைவிலேயே இல்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐம்பது வயசு ஆச்சுடி நமக்கு” என்றாள். கோபமா சலிப்பா என்று பிரிக்க முடியாத குரல். “நான் அவகிட்ட சொல்ல மாட்டேன். சொன்னா அவ அழுவா, அப்புறம் உன்னைக் கட்டிப் புடிச்சு மன்னிச்சும் விட்டுடுவா. அந்த நிம்மதி உனக்குக் கிடைக்க வேணாம்.”

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. பாலிஷ் அக்கா தலையைத் தூக்கவில்லை. கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிளாஸ்டர் அறைக் கதவிலிருந்து புதுசு எட்டிப் பார்த்தாள். கை இரண்டும் வெள்ளை, முகமெல்லாம் சிரிப்பு.

“ரெண்டு பேரும் தனியா நின்னு என்ன ரகசியம்? எனக்கும் சொல்லுங்க!”

“ஒண்ணுமில்ல” என்றாள் மெழுகுக்காரி.

“ஒண்ணுமில்ல” என்றாள் பாலிஷ் அக்காவும், அதே நொடியில்.

புதுசு உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போனாள். பாலிஷ் அக்காவுக்கு உடம்பு முழுக்கக் கூசியது. ஆனாலும், எட்டு மாதம் கழித்து, தங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்று, அந்தப் பெண்ணுக்குத் தெரியாத ஒன்று, மறுபடி வந்துவிட்டது என்று அவள் மனசு வெட்கமே இல்லாமல் சந்தோஷப்பட்டது.