முட்டை அட்டையில் முளைப்பாரி

ஏலே, அதத் தெரிஞ்சு நீ என்ன செய்யப்போற? சூலக்கரையில கலெக்டரு நாற்காலியக் காலியாப் போட்டுட்டு, முளைப்பாரி கதை தெரிஞ்சவன் வந்து ஒக்காரலாம்னு சொல்லிட்டாகளா? வாய்ப்பாடு கேட்டா வாயில கொளுக்கட்டையத் திணிச்ச மாதிரி நிக்கிற. ஊர்க்கதைன்னா மட்டும் காது முயலுக் காது. எவ சொன்னா ஒனக்கு? ஒங்கம்மாவா? சரி, ஒக்காரு. கால ஆட்டாத.

அப்ப ஒனக்கு மூணு வயசு. கொறைமாசத்துல பெறந்த பய நீ. நடந்துட்ட, பேசிட்ட, என்னைய கெழவின்னு கூடக் கூப்பிட்டுட்ட. கை மட்டும் வரல. சோத்துக்கையில பெருவெரலு ஒரு பக்கம் போகும், ஆள்காட்டி வெரலு ஒரு பக்கம் போகும். மாமியாரும் மருமகளும் மாதிரி ரெண்டும் சேராது. ஒத்தைப் பொரியக் கூட கிள்ளி எடுக்க மாட்ட. உள்ளங்கையால அள்ளி, பாதியக் கீழ சிந்துவ.

இந்தப் பக்கம் வெரல வச்சுத்தானலே பொழப்பு. நான் தாயில்பட்டியில ஒரு கம்பெனியில சரவெடி பின்னுனேன், ஒங்க தாத்தா திரி சொருகுனாரு, ஒங்கப்பன் அச்சாபீசுல பேப்பரு தள்ளுறான். வெரலு சேராத பிள்ளைக்கு இங்கன யாரு சோறு போடுவா? ஒங்கம்மா பேனாவ நெனச்சுக் கவலைப்பட்டா, சட்டைப் பட்டன நெனச்சுக் கவலைப்பட்டா. ரெண்டு பேருக்கும் கவலை ஒண்ணுதான். ஆனா ஒருத்திக்கொருத்தி வாயத் தொறந்து சொல்லிக்கிடல.

விருதுநகரு டாக்டரு, வீட்டுல அவன் கைக்கு நெறைய வேலை குடுங்கன்னு சொன்னாக. ஒங்கம்மா போனப் பாத்து மாண்டிசோரின்னு ஒரு கைவேலைப் பாடத்த ஆரம்பிச்சா. அதுக்கப்புறம் வீடு வீடா இல்ல. தட்டுல ரவையக் கொட்டி வெரலால கோடு இழுக்கச் சொல்லுவா. ஒரு டம்ளருல இருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணிய மாத்தச் சொல்லுவா, நீ பாய்க்கு மாத்துவ. கண்ண மூடிக்கிட்டு உப்புத்தாளையும் பட்டுத்துணியையும் தடவச் சொல்லுவா. பயறு, மொச்சை, சோளம்னு கலந்து வச்சு, கோழிமுட்டை வாங்குன அட்டை இருக்குல்ல, அதுல குழிக்கு ஒரு தானியமாப் பிரிச்சுப் போடச் சொல்லுவா. நீ அம்புட்டையும் அள்ளி ஒரே குழியில அமுக்குவ.

நான் சொளகுல கல்லுப் பொறுக்குனா அது வேலை, இவன் அட்டையில பொறுக்குனா பாடமாக்கும்னேன். "அத்தை, அவன் செய்யுறப்பப் பேசாதீங்க"ன்னுட்டா. அதுதான் அவ சட்டம். பிள்ளை கைவேலையில இருந்தா குறுக்க ஒரு சொல்லு சொல்லக்கூடாது, போயித் தொடக்கூடாது. என்னையப் பேசாதன்னு சொன்ன மொத ஆளு அவதான். ஒங்க தாத்தாவுக்கே அந்தத் தைரியம் வந்ததில்ல.

நான் என் வழிக்குப் போனேன். இவன் வெரலச் சேத்து வையி ஆத்தான்னு தெரு மாரியாத்தாளுக்கு முளைப்பாரி நேந்துக்கிட்டேன். காரியம் முடிஞ்சப்பெறகு எடுக்கலாமேன்னு தெருவுல சொன்னாக. ஆத்தாள எதுக்குக் காக்க வைக்கணும்னு அந்த வருசக் கோயில் பொங்கலுக்கே எடுத்தேன். விரதம் இருந்து, உள்வீட்டு மூலையில சேலையத் திரையாக் கட்டி, மண்சட்டி ஓட்டுல எரு போட்டு தானியம் தூவுனேன். வெளிச்சம் படக்கூடாது. குளிக்காம யாரும் கிட்டப் போகக்கூடாது. கறி, முட்டைன்னு கவிச்சி ஆகவே ஆகாது. பாரி செழிச்சா வீட்டுக்கு நல்லது. கருகுனா தெரு பேசும்.

முளை கண்ணு விட்ட அன்னிக்கு மத்தியானம், விரதக் களைப்புல அசந்துட்டேன். ஒங்கம்மா கொல்லையில துணி தொவைச்சுக்கிட்டு இருந்தா. முழிச்சுப் பாத்தா வீடு சத்தமில்லாமக் கெடக்கு. நீ இருக்கிற வீடு சத்தமில்லாமக் கெடந்தா எனக்குப் பகீர்னுதான் இருக்கும். எந்திரிச்சுப் போனா, திரை வெலகிக் கெடக்கு. நீ அம்மணக்குண்டியா ஓட்டுக்கு முன்னால சம்மணம் போட்டு ஒக்காந்திருக்க. பக்கத்துல அந்த முட்டை அட்டை. ஆத்தாளுக்கு வச்ச முளைய ஒண்ணொண்ணாப் பிடுங்கி, மண்ணத் தட்டி, மொச்சைய ஒரு குழியில, பயற ஒரு குழியிலன்னு போட்டுக்கிட்டு இருக்க.

கத்த வாயத் தொறந்தேன். பின்னாலருந்து ஒரு ஈரக்கை வந்து பொத்துச்சு. ஒங்கம்மாதான். சோப்பு நொரையெல்லாம் என் பல்லுல.

"அத்தை, அவன் கையப் பாருங்க."

பாத்தேன். பெருவெரலும் ஆள்காட்டி வெரலும் சேந்து, முளையோட நுனியப் பிடிச்சிருக்கு. நசுக்கல, நழுவ விடல. மெதுவா இழுக்கிற, குழியில வைக்கிற, அடுத்ததத் தேடுற.

என் பாரி கண்ணு முன்னால மொட்டையாகுது. ஒங்கம்மா கைய எடுத்தப்பெறகும் நான் வாயத் தொறக்கல. ரெண்டு பேரும் கதவு நெலையப் பிடிச்சுக்கிட்டு நீ முடிக்கிற வரைக்கும் நின்னோம். நடுவுல ஒரு சோளம் வழுக்கி விழுந்துச்சு, ஒங்கம்மா என் கைய இறுக்கிப் பிடிச்சா. நீ அதத் தேடிக் கிள்ளி எடுத்தப்பெறகுதான் விட்டா.

எல்லாம் முடிச்சுத் திரும்பிப் பாத்த. ரெண்டு பொம்பளைக நின்னு அழுதுக்கிட்டு இருக்கோம். நீ பிடுங்குனது ஒனக்காக வச்ச பாரின்னு ஒனக்குத் தெரியாது. வெரலு சேந்துருச்சுன்னும் தெரியாது. ஏதோ தப்பாப்போச்சு போலன்னு நெனச்சு, ஒரு மொச்சைய எடுத்து ஒங்கம்மா கையில வச்ச, இன்னொண்ண எடுத்து என் கையில வச்ச, அழாதன்னு. அதையும் ரெண்டு வெரலாலதான் எடுத்த.

அன்னிக்குச் சாயங்காலமே தலைக்கு ஊத்தி, ஆத்தாளக் கும்பிட்டு, புதுசாத் தூவுனேன். ஒங்கம்மாவும் குளிச்சுட்டு வந்து தண்ணி தெளிச்சா. ஆனா நாளு பத்தல. பொங்கலன்னிக்குப் பாத்தா, ஊருப் பொம்பளைக தலையிலெல்லாம் முழ ஒசரத்துக்குப் பாரி ஆடுது. என் தலையில நாலு விரக்கடைதான்.

"என்ன மதினி, ஒங்க பாரி இம்புட்டுக் குட்டையா இருக்கு? வீட்டுல எதுவும் ஆகாதது நடந்துபோச்சா?"ன்னு சுத்தி வந்து நின்னாளுக. மருமகளாலதான் தீட்டுப்பட்டுச்சுன்னு எல்லாரும் தன்னையத்தான் சொல்லப்போறாகன்னு ஒங்கம்மா மொகம் வெளுத்துப் போச்சு.

நான் பாரிய எறக்காமலே சொன்னேன். "இது என் பேரனுக்கு எடுக்கிற பாரி. அவன் எம்புட்டு ஒசரம்னு பாருங்க. ஒங்க வீட்டுக்காரரு வேட்டிய அவனுக்குக் கட்டிவிடுவீகளா? ஆத்தா அளவெடுத்துத்தான் வளத்திருக்கா."