முன்சக்கரத்துக்குப் பொருத்தம்

அரியலூர் ரோட்டில் முன்னால் போன சிமெண்டு லாரி திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். பெடல் பாதிவரை சும்மா இறங்கியது. பிறகு இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். லாரியின் பின்பலகையை மூக்கால் தொடும் தூரத்தில்தான் எங்கள் பழைய பிக்கப் நின்றது. “ஐயோ, செத்தோம்!” என்று கத்தியது நான்தான். பக்கத்தில் இருந்த மனைவி திரும்பக்கூட இல்லை. கரப்பான்பூச்சிக்கும் அதே சுருதியில் கத்துகிறவன் நான்.

“சும்மா வாங்க, மானம் போவுது.”

“நெசமாவே பிரேக் புடிக்கல புள்ள.”

அப்போதுதான் லாரியைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சின்ன வெங்காய லோடோடு இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து எங்கள் ஊர் குரும்பலூருக்கே திரும்பினோம்.

மெக்கானிக் முன்சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேடுகள் வெறும் தகடாகத் தேய்ந்திருந்தன. பெரம்பலூர் கடையில் ஆர்.சி. புக்கைப் பார்த்து, அந்த மாடலுக்கு உரியதைக் கொடுத்தார்கள். கொண்டுவந்து வைத்தால் உட்காரவில்லை.

“வண்டி எங்க வாங்குனீங்கண்ணே?”

“அரியலூர்ல. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல ஓடுனது.”

“அதான். முன்னாடி அடிபட்டு, வேற வண்டி ஆக்ஸில மாட்டி வுட்டுருக்கானுவ. புக்குல ஒரு வண்டி, கீழ ஒரு வண்டி.” பேடைத் திருப்பிப் பார்த்தார். “ஓரத்த லேசா தேச்சா ஒக்காந்துரும். நெறய பேரு அப்புடித்தான் ஓட்டுறாங்க.”

தார்ப்பாய்க்குள் வெங்காயம் புழுங்கத் தொடங்கியிருந்தது. இன்னொரு நாள் தள்ளினால் பாதி அழுகிவிடும். ‘சரி’ என்று வாய்வரை வந்துவிட்டது. வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அவளுடைய தண்ணீர் பாட்டில் அவள் சீட்டிலேயே கிடந்தது.

“தேய்க்காதப்பா. நான் பயந்தாங்கொள்ளி.”

“வெங்காயம்?” என்றாள் அவள்.

“போனா போவட்டும்.”

தேய்ந்த பேடை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அரியலூருக்கு பஸ் ஏறினேன். இரண்டு கடைகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது கடைக்காரர் பழையதன்மேல் புதியதை வைத்தார். ஓரத்தோடு ஓரம் ஒட்டியது.

“இன்னொரு தடவ வச்சிக் காட்டுங்க.”

காட்டினார்.

“திருப்பி வச்சி?”

“ஏங்க, பொண்ணா எடுக்க வந்திருக்கீங்க?”

என் கல்யாணத்துக்குக்கூட நான் இத்தனை பொருத்தம் பார்க்கவில்லை.

மறுநாள் பேடு மாட்டியதும், வெறும் வண்டியைத் தனியாக ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். சொன்ன இடத்தில் நின்றது. அப்புறம்தான் அவளை ஏறச் சொன்னேன். வெங்காயத்தில் பாதியைக் கொட்டிவிட்டு, மீதியோடு கிளம்பினோம்.

அதே ரோடு, இன்னொரு சிமெண்டு லாரி. நான் பிரேக் மிதிப்பதற்கு முன்பே அவள் மிதித்தாள். அவள் பக்கம் பெடல் கிடையாது. வெறும் தகரத் தரைதான். வண்டி அழகாக நின்றது. அவள் கால் மட்டும் தரையை விட்டு எழவில்லை.

இன்றைக்கும் மிதிக்கிறாள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற எனக்கு, அந்தக் காலைப் பற்றி மட்டும் வாய் வருவதில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறேன்.