அப்பா வெட்டிய பொழி

பொழி அடைந்துவிட்டது என்பதை எங்கள் ஊரில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். காயலில் ஊறப் போட்டிருக்கும் "கதம்பை", அதாவது தேங்காய் மட்டை, அழுகுகிற நாற்றம் ஓடும் நீரோடு கடலுக்குப் போகாமல் வீட்டுக்குள் வந்து குடியேறும்; சோற்றில் இருக்கும், தலையணையில் இருக்கும், பள்ளிக்கூடத்துச் சிலேட்டில்கூட இருக்கும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். எனக்கோ அது நல்ல சேதி, ஏனென்றால் அன்றிலிருந்து அக்கா வீட்டுக்கு நடந்தே போகலாம்.

ஆறு கடலில் சேரும் வாய்க்குத்தான் பொழி என்று பெயர். மழைக்காலத்தில் ஆறு செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும் வேகத்தைப் பார்த்துக் கடலே சற்று ஒதுங்கி நிற்கும். மழை ஓய்ந்து ஆறு மெலிந்ததும் கடலின் முறை. ஒவ்வோர் அலையும் கொஞ்சம் மணலைக் கொண்டுவந்து ஆற்றின் வாயில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாததுபோலத் திரும்பிப் போகும். அப்படிச் சேர்ந்து சேர்ந்து, சில வாரங்களில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவே எங்கள் தெருவைவிட அகலமான மணல்மேடு எழும்பிவிடும். மலைப்பாறைதான் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, ஆற்றில் உருண்டு தேய்ந்து மணலாகிறது என்று பிற்பாடு பள்ளிக்கூடத்தில் படித்தபோது, நான் அக்காவைப் பார்க்கப் போவதற்கு அந்த மலை எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அம்மை செத்தபோது நான் கைக்குழந்தை. என்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, அடித்து, வளர்த்ததெல்லாம் அக்கா தங்கம்தான். அவளை அக்கரையில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் அப்பாவும் நானும் மிஞ்சினோம். அப்பா கதம்பை அழுகப் போட்டு, அடித்து, நாராக்கி விற்பவர். பகலெல்லாம் அடிக்கிற சத்தத்திலேயே பேச்சு தீர்ந்துவிட்டதோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். நான் அடுக்களைப் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருப்பேன். பொழி திறந்து கிடக்கும் மாதங்களில் தண்ணீர் அமைதியாக இருந்தால் வள்ளம் போகும். பெருக்கு நேரத்தில் அதுவும் போகாது. ஆற்றோடு மேலே போய்ச் சுற்றி வருவதென்றால் ஒரு பகல் பிடிக்கும். அந்த மாதங்களில் நான் பட்ட தனிமையை, இன்று வீடு நிறையப் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டும் மறக்க முடியவில்லை.

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம் அது. சென்னையோடு சேர இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருந்தது. அந்த ஐப்பசியில் அக்காவுக்குத் தலைப்பிரசவம். வெள்ளிக்கிழமை உறவுக்காரர்களோடு போய் முறையாக அழைத்துவருவதென்று பேசியிருந்தார்கள். அப்பா உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடித்தார், நான் முற்றத்துக்குப் புதுமணல் சுமந்து பரப்பினேன். அக்கா மூன்று நான்கு மாதமாவது எங்கள் வீட்டில் இருப்பாள் என்பதே எனக்குப் பெருமழையைவிடப் பெரிய விஷயமாக இருந்தது.

ஆனால் மழை விடவில்லை. பொழி அடைந்து கிடந்ததால் ஆற்றுநீர் கடலுக்குப் போக வழியில்லாமல் திரும்பி வயலுக்குள் ஏறியது. வியாழக்கிழமை காலையில் வயல்காரர்கள் தோளில் "மம்பட்டி"யோடு வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். ஊருக்குள் ஒரு வழக்கம் உண்டு: பொழிக்கரையில் இருப்பவர் முதல் வெட்டு வெட்டிக் கொடுக்காமல் வயல்காரர் மணலைத் தொடக்கூடாது. அந்த வருஷத்து முறை அப்பாவுக்கு.

"ஓய், நட்ட நாத்தெல்லாம் முங்கிக் கெடக்கு. இன்னைக்குக் கடல் வத்தும்போ வெட்டலேன்னா அழுவிப் போவும்வோய். கும்பப்பூ வெளைஞ்சு நெல்லு வரலேன்னா பிள்ளையளுக்கு எதைக் கொடுக்க?" என்றார் அவர்களில் வயதானவர். அவர் கண் கலங்கியிருந்தது.

"மவளைக் கூட்டீட்டு வரணும். கடல் வத்துறதுக்குள்ள வந்திருதேன்" என்று சொல்லிவிட்டு அப்பா மணல்மேட்டில் இறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அக்காவின் மாமியார் வாசலிலேயே எங்களை மறித்தாள். அக்கா குளத்துக்குப் போயிருந்தாள்.

"வெள்ளியாச்சன்னு சொல்லீட்டு வியாழாச்ச வந்து நிக்கேரு. நாலு பேரு கூட வந்து, பலகாரம் கொண்டுவந்து, முறையா அழைக்கணும். எங்க வீட்டுப் பிள்ளை என்ன வழியிலயா கெடக்கு?"

"பொழி வெட்டப் போறோம் மைனி. பெறகு வர முடியாது."

"முடியாட்டா இங்க பெறட்டும். எனக்குப் பேறு பாக்கத் தெரியாதா?"

பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரர் அதற்கு மேல் என்ன பேச? அப்பா என் கையைப் பிடித்தார். திரும்பி நடக்கும்போது அந்தப் பிடி வலித்தது.

பொழி வெட்டுவது பெரிய வேலையில்லை. ஒரு சாண் அகலத்துக்குக் கீறிவிட்டால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். அப்பா முதல் வெட்டு வெட்டினார், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். முதலில் வந்த நீரில் நான் காலை நனைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டிக் குதித்தேன். சற்று நேரத்தில் குதிக்க முடியவில்லை. வெள்ளையும் கறுப்பும் சிவப்புமாக அடுக்கடுக்காகப் படிந்திருந்த மணற்சுவர், அடியில் நீர் அறுக்க அறுக்க, பொத்துப் பொத்தென்று சரிந்தது. கடல் வாரக்கணக்கில் சேர்த்ததை ஆறு ஒரு மத்தியானத்தில் வாரிக்கொண்டு போனது. வயல்காரர்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள்.

அப்போதுதான் அக்கரையில் அக்கா வந்தாள். பொழி வெட்டுகிறார்கள் என்று குளத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குக்கூடப் போகாமல், ஈரத்துணியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நிறைவயிற்றோடு நேரே ஓடிவந்திருக்கிறாள். நடுவில் ஒரு தென்னைமர நீளத்துக்கு ஆறு சீறிக்கொண்டிருந்தது. அவள் கூப்பிட்டது எங்களுக்குக் கேட்கவில்லை, நாங்கள் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டிருக்காது. அப்பா கையில் மம்பட்டியோடு அப்படியே தண்ணீரில் இறங்கிவிட்டார். நாலைந்து பேர் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றே போயிருப்பார். அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள்.

அன்று ராத்திரி நான் சோறு போட்டுக் கொடுத்தபோது அப்பா சொன்னார்: "நாம போயிக் கூப்பிட்டதும், அவ மாமி விடாததும் அக்காளுக்குத் தெரியாண்டாம் மக்கா. அவ அந்த வீட்டுலதான் சீவிக்கணும். தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் ஒரு நாளும் ஒத்துப் போவாது."

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மாமியார் தன் வாக்குப்படியே பேறு பார்த்திருந்தாள். மாசியில் பொழி மறுபடி அடைந்ததும் நான் ஒரே ஓட்டமாக அக்கரைக்குப் போனேன். அக்கா எனக்கு அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீனும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நான் வரணும்னு தெரிஞ்சும் அப்பாதானே மொத வெட்டு வெட்டுனாரு? வயக்காரனுவளுக்க நாத்து பெருசாப் போச்சு, இல்லியா?"

மாமியார் குழந்தையை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. என்னையே பார்த்தாள். நான் தலையைக் குனிந்து மீனில் முள் எடுக்கத் தொடங்கினேன்.

அதன்பிறகு அக்கா எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. மணல் எத்தனை அகலமாகக் கிடந்த வருஷமும் வரவில்லை. எனக்கு ரிப்பன் வரும், பனங்கற்கண்டு வரும்; அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அப்பா செத்தபோது வந்தாள். அன்றும் பொழி அடைந்துதான் கிடந்தது. ஆனால் அவள் அந்த மணலில் கால் வைக்காமல் ஒரு பகல் முழுக்கச் சுற்றி வந்து, எடுக்கிற நேரத்தில்தான் சேர்ந்தாள்.

பல வருஷங்களுக்குப் பிறகு மாமியார் இறந்த அன்று, இனிமேல் சொல்லிவிடலாம் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனேன். அக்கா என் தோளில் விழுந்து, "பெத்த அம்மை போன பெறகு எனக்கு அம்மையா இருந்தது இவ ஒருத்திதான் மக்கா" என்று அழுதாள். பொய்யழுகை இல்லை. இருந்த ஒருத்தியையும் அவளிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை. இதோ, போன வருஷம் அக்காவும் போய்விட்டாள்.

இப்போது பொழி அடைவதில்லை. இரண்டு பக்கமும் கடலுக்குள் கல்லடுக்கி வைத்திருக்கிறார்கள். வருகிற மணல் வாய்க்குள் புகாமல் ஒரு பக்கமாகக் குவிகிறது, மறுபக்கத்துக் கரையைக் கடல் அரித்துக்கொண்டு போகிறது. மேலே பாலம் வந்துவிட்டது. போன மாதம் பஸ்ஸில் அதைக் கடந்தேன். அக்கரையில் எனக்கு இறங்கும் வேலை ஒன்றுமில்லை. பஸ் பாதிப் பாலத்தில் இருக்கும்போது, "அப்பா ஒன்னைக் கூப்பிட வந்தாரு அக்கா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.