லைன் இல்லாத நாட்களில் கமருன்னிஸா

அதிராம்பட்டினத்து டயாலிசிஸ் மையத்தில் நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றுவதும் எடுத்துக் கொடுப்பதும் கமருன்னிஸாவின் வேலை. கோப்புகள் எல்லாம் தஞ்சாவூர் தலைமை ஆஸ்பத்திரியின் சர்வரில் இருந்தன. ஒருமுறை அடைமழையில் இன்டர்நெட் லைன் அறுந்துபோனது. யாருக்கு உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுப்பது, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஒன்றும் தெரியவில்லை. நோய் வரும்வரை மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த வைரக்கண்ணு, வீங்கிய கால்களோடு பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளை வதைத்தது.

லைன் வந்ததும் முதல் வேலையாக, தஞ்சாவூரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அரவிந்தனுக்குப் போன் போட்டாள். நெட் இல்லாதபோதும் கோப்புகளைத் திறக்க வழி உண்டா என்று கேட்டாள்.

“அந்த ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணுங்க. ‘ஆல்வேஸ் அவைலபிள் ஆஃப்லைன்’னு வரும், அதை டிக் பண்ணிருங்க. ஒரு நகல் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும். லைன் வந்ததும் நீங்க மாத்துனது தானா இங்க வந்து சேர்ந்துரும்,” என்றார்.

நகல் இறங்குவதைக் காட்டும் பச்சைக் கோடு நகர்ந்து முடியும்வரை அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

கஜா புயல் கடந்த காலையில் ஊரில் கரண்ட் இல்லை, போன் இல்லை. மையத்தில் ஜெனரேட்டர் ஓடியது, கோப்புகள் திறந்தன. வந்தவர்களுக்கெல்லாம் சிகிச்சை நடந்தது. வைரக்கண்ணு மட்டும் வரவில்லை. விழுந்த தென்னைகள் அவர் ஊர்ச்சாலையை மூடியிருந்தன.

பாதை திறந்ததும் அவர் மனைவி மங்களாம்பிகை நடந்தே வந்தார்.

“மூச்சு வாங்கிக்கிட்டே இருந்தாங்க. தூக்கிட்டு வர ஆள் இருந்தும் வழியில்ல. போயிட்டாங்கம்மா. அவங்க இடத்தை வேற யாருக்காச்சும் குடுத்துருங்க.”

கமருன்னிஸா அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மங்களாம்பிகை கிளம்பியபின் வைரக்கண்ணுவின் கோப்பில் இறப்பைப் பதிந்தாள்.

லைன் திரும்பிய அன்று கோப்புகள் ஒவ்வொன்றாகத் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தன. ஒன்று மட்டும் நின்றது. விஷயம் தெரியாமல் அங்கே யாரோ வைரக்கண்ணுவுக்கு வரும் செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்கு முறை போட்டிருந்தார்கள். இரண்டு பிரதிகளில் எதை வைத்துக்கொள்வது என்று திரை கேட்டது. அவள் அரவிந்தனை அழைத்தாள்.

“குழப்பமா இருந்தா ரெண்டையும் வச்சுக்கலாம்மா. பிறகு பார்த்துக்கலாம்,” என்றார் அவர், யாருடைய கோப்பு என்று தெரியாமல்.

அவள் இறப்பைப் பதிந்திருந்த தன் பிரதியின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள்.

“வேண்டாம் சார். இங்க உள்ளதுதான் சரி,” என்று சொல்லி அழுத்தினாள்.

பிறகு, நெடுநாளாக முறைக்குக் காத்திருந்த சைத்தூன் பீவிக்குப் போன் செய்து, செவ்வாய்க்கிழமை வரச் சொன்னாள். திடீரென்று எப்படி இடம் கிடைத்தது என்று அந்த அம்மாள் கேட்டார். “காலையிலேயே வந்துருங்கம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டு, கமருன்னிஸா செவ்வாய்க்கிழமைக்கு நேரே அவர் பெயரைப் பதிந்தாள்.